பதினெட்டு சைபர்

அஸ்தினாபுரம் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, பலகையில் கிடந்த மீனை மூக்கு நுனியிலிருந்து வால்வரை அளந்தார். அளந்ததை ஒரு சின்ன நோட்டில் குறித்தும் கொண்டார். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னாம்மா, மீனுக்கு ஜாக்கெட்டு தெக்கப் போறியா?” என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அடுத்த மீனை அளந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கடலாராய்ச்சி நிலையம் ஒன்றில் விஞ்ஞானியாக இருப்பதாகவும், மார்க்கெட்டுக்கு வருகிற மீன் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பது தன் பழக்கம் என்றும் சொன்னார். “ஞாயித்துக்கிழமைகூடவா?” என்றேன். “ஞாயித்துக்கிழமைதானே மேடம் மீன் நிறைய வருது,” என்றார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன், இருபத்தாறு வருஷமாக. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். “எங்க பசங்ககிட்ட வந்து கடலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்களேன்,” என்றேன். அவர் டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தார். “பேசறதுக்கு வர மாட்டேன் மேடம். வேலை குடுத்தா செய்வாங்களா?” என்று கேட்டார். “செய்யாம? தோலை உரிச்சுட மாட்டேன்?” என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் பள்ளிக்கு விருந்தாளி என்றால் சால்வை, பிரார்த்தனைப் பாட்டு, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் உண்டு. வாசலில் வரவேற்க நாலு பிள்ளைகளைப் பூங்கொத்தோடு நிறுத்தியிருந்தோம். விஞ்ஞானியோ வெயிலில் கறுத்த முகமும் மண் ஒட்டிய செருப்புமாக, அக்குளில் நாலு பிளாஸ்டிக் பைப்போடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். பைப் கடையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் அவரைப் பின்பக்க பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் போய்க் கூட்டிவருவதற்குள் அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அவர் இறுக்கிக்கூட விட்டிருந்தார். பிள்ளைகள் அன்றைக்கே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அந்த நாலு பைப்பையும் இணைத்தால் ஒரு மீட்டர் சதுரம். விடிந்ததும் கடற்கரையில் மணல்மேல் அதை வைத்து, உள்ளே எத்தனை நண்டு வளை இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஓர் இடத்தில் ஆறு கட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அப்படி ஆறு இடங்களை அவர் குறித்து வைத்திருந்தார். முதல் இடம் மீனவர் குப்பத்துக்கு எதிரே, கடைசி இடம் சவுக்குத் தோப்புக்கு எதிரே. ஓர் இடத்துக்கு இரண்டு பேர் என்று பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். தாம்பரத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் காணும் பொங்கலன்று மெரினாவில் நெரிசலில் நின்று சுண்டல் தின்பதுதான். ஆளில்லாத கடற்கரையைப் பார்த்ததும் நாலு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. மணல் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

முதல் சனிக்கிழமை விஞ்ஞானி கூடவே வந்து, முதல் இடத்தில் வைத்தே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கப்பலில் வேலை. அடுத்த மூன்று சனிக்கிழமையும் நாங்களே போய் எண்ணி, தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்றார். கிளம்பும்போது, “நல்லா செய்யறவங்க ரெண்டு பேரை மே மாசம் முழுக்க என் லேபுக்குக் கூட்டிட்டுப் போவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு என் வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

ஐந்தாவது இடத்துக்குப் போனவள் படப்பையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். என் பரீட்சைகளில் அவள் ஐம்பதைத் தாண்டியதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று யோசிப்பாள், யோசிப்பாள், யோசித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? “உக்காரு தாயே” என்று சொல்லி அடுத்தவனிடம் போய்விடுவேன். அவளுடைய ஜோடி நீட் கோச்சிங் என்று முதல் வாரத்தோடு நின்றுவிட்டான். இவள் நிற்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பும் வேனுக்காக அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்ப ஒரகடத்துக்கு ஷிப்டுக்கு ஓடுவார்.

ஒருநாள் அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் பேசினார். “மிஸ், இவ காலேஜ்ல கடல் சம்பந்தமா படிக்கணும்னு அடம் பிடிக்கிறா. நான் பி.காம் சேக்கலாம்னு இருக்கேன். அந்த சயன்டிஸ்ட் மேடமே லேபுக்குக் கூப்பிட்டாங்கன்னா, சரி, இவளுக்கு வரும்னு நான் விட்டுடறேன். இல்லைன்னா பி.காம்தான். அவகிட்டயும் சொல்லிட்டேன்.” அவள் பக்கத்தில் பைப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து, “மிஸ், லிஸ்ட் வந்துச்சா மிஸ்?” என்று கேட்பாள். “வந்தா உன்கிட்ட சொல்லாம உங்க பிரைம் மினிஸ்டர்கிட்டயா சொல்லப் போறேன்? போய் உக்காரு,” என்பேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நாங்களே போன முதல் சனிக்கிழமை, திரும்பி வரும்போது வேனில் எல்லாருடைய தாளையும் வாங்கிப் பார்த்தேன். ஏழு, ஒன்பது, எட்டு என்று எல்லாத் தாளிலும் எண்கள். அவளுடைய தாளில் மட்டும் ஆறு கட்டத்திலும் சைபர்.

“என்னடி இது?”

“இல்லை மிஸ்.”

“என்ன இல்லை?”

“வளை இல்லை மிஸ். நல்லா பாத்தேன் மிஸ்.”

“பக்கத்து எடத்துல எட்டு இருக்கு, உன் எடத்துல மட்டும் நண்டு லீவுல போயிடுச்சா? தூங்கி வழிஞ்சிட்டு வந்திருக்க. இதை அனுப்பினா அந்த மேடம் என்ன நெனைப்பாங்க? ஸ்கூல் பேரே போயிடும். அஞ்சு, ஆறுன்னு ஏதாவது போடு.”

அவள் பென்சிலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “மிஸ், ஆனா…” என்றாள். “ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. போடு,” என்றேன். ஐந்து, ஆறு, ஐந்து, நாலு, ஆறு, ஐந்து என்று போட்டாள்.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அந்த வேனில் எனக்கு ஒரு துளி உறுத்தல்கூட இல்லை. ஏனென்றால் நான் படித்ததும் அப்படித்தான், இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். எங்கள் ஆய்வகத்தில் ரீடிங் வராவிட்டால் வர வைக்க வேண்டும். விடை முதலிலேயே தெரியும், அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவோம். முப்பது பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே எண், அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து புரட்டிப் பார்த்து, “நீட்டா இருக்கு மேடம்,” என்று காபி குடித்துவிட்டுப் போவார். இதைப் பொய் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அட்ஜஸ்ட் பண்றது என்றுதான் பெயர்.

அடுத்த வாரமும் அதே கதை. அவள் சைபர் என்றாள், நான் மாற்றச் சொன்னேன். மூன்றாவது வாரம் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவளே பென்சிலை எடுத்தாள். பரவாயில்லையே, பெண் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்கடுத்த புதன்கிழமை கடைசிப் பீரியடில் விஞ்ஞானி கப்பலிலிருந்து திரும்பி, வகுப்பின் ஸ்மார்ட் போர்டில் வீடியோ அழைப்பில் வந்தார். லிஸ்ட் சொல்லப்போகிறார் என்று பதினொரு பேரும் முன் பெஞ்சுக்கு அடித்துப்பிடித்து வந்திருந்தார்கள். படப்பைப் பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் விஞ்ஞானி முகத்தில் சிரிப்பே இல்லை.

“அஞ்சாவது எடம் யாரு?” என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். “நான்தான் மேடம்.”

“நான் திங்கக்கெழமை அங்க போனேன்மா. அது ஒரு ரிசார்ட்டுக்கு எதிர்ல இருக்கு. தினமும் மணலைச் சலிச்சு சுத்தம் பண்ற மெஷின் ஓடுது. ஓட்டறவரையே கேட்டேன், மாசக்கணக்கா இங்க ஒரு வளைகூட கிடையாதுன்னார். நானும் தேடிப் பாத்தேன், ஒண்ணுமில்லை. நீ மூணு வாரமும் அஞ்சு, ஆறுன்னு எழுதியிருக்க. எண்ணினியா?”

அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் போர்டுக்குப் போகிற ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாரி மேடம்,” என்றாள்.

“எனக்கு சாரி வேண்டாம்மா. மெஷின் ஓடற எடத்துல வளை இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் அந்த எடத்தையே வெச்சேன். ஒக்காந்த எடத்துலயே எழுதறவங்களை நான் லேபுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.”

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? “நான் விசாரிக்கிறேன் மேடம்,” என்றேன். விசாரிக்கிறேனாம்! யாரை விசாரிக்க? அவள் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து யாரோ ‘ஃபிராடு, ஃபோர் ட்வென்ட்டி’ என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும்.

மணி அடித்ததும் அவள் போய்விட்டாள். நான் ஸ்டாஃப் ரூமில் பையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பிறகு என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். படப்பை பஸ் மேற்குத் தாம்பரத்திலிருந்துதான் கிளம்பும். ரயில்வே நடைமேம்பாலத்தில் ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். சாயங்காலக் கூட்டத்தில், என் முட்டிவலியோடு, சென்னை பீச் ரயிலிலிருந்து இறங்கி வருகிற ஜனத்தை எதிர்த்துப் படியேறினேன். பாலத்தின் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. பூவைக் காணவில்லை.

மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்று, கேட்கக் கூடாத கேள்வியை அவளிடமே கேட்டேன். “மிஸ்தான் மாத்தச் சொன்னாங்கன்னு ஏன்டி சொல்லலை?”

வழக்கம்போல யோசித்தாள். இந்தத் தடவை நான் குறுக்கிடவில்லை.

“எல்லாரும் இருந்தாங்களே மிஸ்,” என்றாள்.

பதினாறு வயதுப் பெண், தன் படிப்பே கையைவிட்டுப் போகிற நேரத்தில், நாலு பேர் முன்னால் எனக்கு அவமானம் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது எனக்கு அவளைப் பற்றி அந்த நினைப்பு வரவில்லை. இடித்துக்கொண்டு போன ஒருவர், “நடுவுல நின்னுகினு… ஓரமா போய்ப் பேசுங்கம்மா, பேஜாரு,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஓரமாகப் போனோம்.

“அப்பாகிட்ட என்ன சொல்லப் போற?” என்றேன்.

“லிஸ்ட்ல இல்லைன்னு சொல்லுவேன் மிஸ்.”

“நீ உண்மையில எண்ணினது எதாவது ஞாபகம் இருக்கா?”

“எழுதி வெச்சிருக்கேன் மிஸ்.” பையைத் திறந்து ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மூன்று சனிக்கிழமையும் இருந்தன. ஆறு ஆறாக, பதினெட்டு சைபர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி எத்தனை, காற்று எந்தப் பக்கம் என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் குறிப்பும் வைத்திருந்தாள். ‘டிராக்டர் டயர் தடம்.’ ‘காக்கா நாலு.’ ‘கையால் மணலைத் தோண்டிப் பார்த்தேன், இல்லை.’ மூன்றாவது வாரத்தில், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவளே ஐந்து, ஆறு என்று போட்டுக் கொடுத்தாளே, அந்த வாரத்திலும் இங்கே சைபர்தான்.

“எனக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணா எழுதிட்டு இருந்திருக்க,” என்றேன். திட்டுகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலையில் கையை வைத்தேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை, அவளுக்கும் இல்லை. “நாளைக்கு வரைக்கும் அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே,” என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் விஞ்ஞானியிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, அதே வகுப்பில், அதே பதினொரு பேர் முன்னால் போர்டைப் போட்டேன். எல்லாரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். “மேடம், அந்தப் பொண்ணு ஒழுங்கா எண்ணி சைபர்னுதான் எழுதினா. மூணு வாரமும் நான்தான் மாத்த வெச்சேன். நேத்து நான் வாயை மூடிக்கிட்டு அவளை நிக்க வெச்சேன். தப்பு என்னோடது,” என்றேன். குரல் நடுங்கியது. இத்தனை வருஷத்தில் என் குரல் நடுங்கி அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

விஞ்ஞானி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “வேற யாராவது மாத்தியிருக்கீங்களா? சொல்லிடுங்க, திட்ட மாட்டேன்,” என்றார். முதலில் ஒரு கை மெதுவாக எழுந்தது. “மேடம், ஒரு கட்டத்துல பதினாலு இருந்துச்சு. ரொம்ப ஓவரா இருக்கேன்னு ஒன்பது போட்டேன்.” இன்னொருத்தி, “எனக்கு எல்லாமே ஏழா வந்துச்சு, காப்பி அடிச்ச மாதிரி இருக்கேன்னு ரெண்டை எட்டாக்கினேன் மேடம்,” என்றாள். அடுத்த கை, அதற்கடுத்த கை. விஞ்ஞானி, “அடப் பாவிங்களா,” என்று மேஜைமேல் கவிழ்ந்துவிட்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று பயந்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நிமிர்ந்து, அவர்கள் லேபில் தப்பை எப்படித் திருத்துவார்கள் என்று சொன்னார். ரப்பர் கூடாது, ஒயிட்னர் கூடாது. பழைய எண்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண். அதற்குப் பக்கத்தில் ஏன் மாறியது என்ற காரணமும், மாற்றியவர் கையெழுத்தும், கட்டம் கட்டமாக. “சனிக்கெழமைக்குள்ள எல்லா ஷீட்டும் அப்படித் திருத்தி வரணும். அஞ்சாவது எடத்து ஷீட் சரியா வந்துச்சுன்னா, மே மாச லிஸ்ட்ல முதல் பேரு அவளுதுதான். அவ அப்பாகிட்ட நானே பேசறேன்,” என்றார். அவள் எழுந்து நின்றாள், யோசித்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் விலங்கியல் ஆய்வகத்தில் நானும் அவளும் மட்டும் உட்கார்ந்தோம். அவள் ரஃப் நோட்டைப் பிரித்துக்கொண்டாள், நான் மூன்று தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம், முதல் கட்டம். ஐந்தின்மேல் ஒரு கோடு போட்டேன். “சைபர் மிஸ்,” என்று படித்தாள். எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. ரெக்கார்டு நோட்டில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்ட கைதான்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மிஸ், ‘கவனக்குறைவு’ன்னு போட்டுக்கலாம் மிஸ். அந்த ஷீட்டை வேற யாரெல்லாம் பாப்பாங்களோ, பாவம் நீங்க,” என்றாள்.

“அடியேய்,” என்றேன், “வாயை மூடிக்கிட்டு நடந்ததைச் சொல்லு, எழுதறேன். அந்த ஷீட்ல இனிமே அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது.” அதட்டினேனே தவிர, கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை மணல்மேல் பழி போடவும் முடியவில்லை.

அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன்.

“எண்ணினவங்க எழுதினது சரி. மிஸ் மாத்தச் சொன்னாங்க. அவ்வளவுதான் மிஸ்,” என்றாள். அப்படியே எழுதினேன், ‘மிஸ்’ என்பதை மட்டும் ‘ஆசிரியர்’ ஆக்கி. முழுக் கையெழுத்துப் போட்டேன். அவள் அடுத்ததைப் படித்தாள். பதினெட்டு கட்டத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். ‘மேலே உள்ளபடி’ என்று ஓர் இடத்தில்கூடப் போடவில்லை.